கவிழ்ந்த பிறகும் கைக்கு எட்டுமா? ஃபைபர் படகுக்கு அவசரத் தொடர்புக் கருவிகள் வாங்கும் முறை

ஐப்பசி மாதம், வாடை கிளம்பியிருந்த நேரம். என் மச்சானும் மூன்று பேரும் போன ஃபைபர் படகு வேளாங்கண்ணிக்கு நேர் கிழக்கே என்ஜின் தண்டு உடைந்து நின்றுபோனது. நாலு பேரிடமும் போன் இருந்தது. ஒன்றிலும் டவர் இல்லை. இரண்டு வாக்கி டாக்கி இருந்தன. அவற்றில் பொழுது சாயும்வரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார்கள். யாரும் பதில் பேசவில்லை. நீவாடு (கடல் நீரோட்டம்) தெற்கே இழுத்துக்கொண்டு போக, இருட்டிய பிறகு ஆட்டிய டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து ஒரு விசைப்படகு வந்து கட்டி இழுத்தது.

நாகை துறைமுகத்துப் பக்கம் வயர்லெஸ், ஜி.பி.எஸ். செட்டுகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மறுநாள் அந்த வாக்கி டாக்கி என் மேசைக்கு வந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்க ஸ்டிக்கரில் 446 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது.

"பத்து கிலோமீட்டர் எடுக்கும்னு சொல்லித்தானே மச்சான் குடுத்தாங்க?" என்றான்.

"எடுக்கட்டும். எடுத்தா யாருக்குக் கேக்கும்?"

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேச உரிமம் வேண்டாம். கட்டுமான வேலை, கல்யாண மண்டபம், செக்யூரிட்டி வேலைக்கு அந்த செட் போதும். கடலில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்கிற அலைவரிசை வேறு. அவன் கையிலிருந்த செட் பழுதே இல்லை. அது பேசியது அந்த இன்னொரு செட்டோடு மட்டும். அந்தச் செட்டும் அதே படகில் இருந்தது.

பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகை, வேதாரண்யம், கோடியக்கரை என்று நம் கரையில் 28 முதல் 32 அடி ஃபைபர் படகு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கருவி வாங்கும் முன் விலையைக் கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதில் பேசினால் கேட்கிறவர் யார்? நான் இருக்கும் இடம் அவருக்கு எப்படித் தெரியும்? படகு கவிழ்ந்த பிறகு இது என் கைக்கு எட்டுமா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான படகுகள் தோற்கின்றன.

முதல் படி: எவ்வளவு தூரம் போகிறீர்கள்?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலிலோ கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு உள்ளேயோ வலை போடுகிறவருக்கு நீர் புகாத உறையில் போன், விசில், டார்ச் போதும். காயலில் டவர் விட்டுவிட்டு வரும் என்பதால், போகும் பக்கத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கரைக் கடலில் ஐந்தாறு கடல் மைலுக்குள் போய் அன்றே திரும்புகிறவருக்கு போனோடு கடல்வழி வி.எச்.எஃப். கைச்செட்டும் (கடலுக்கென்றே உள்ள அலைவரிசையில் பேசும் கை வயர்லெஸ்) வேண்டும். அதற்கு மேல் போகிறவர்கள், ராத்தங்கல் போடுகிறவர்கள், கோடியக்கரைக்குத் தெற்கே எல்லைக்கோட்டுப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் ஏதாவது ஒரு கருவி இல்லாமல் போகக்கூடாது.

நம் கரையில் மலை கிடையாது. கொள்ளிடத்திலிருந்து கோடியக்கரை வரை மண் தட்டையாகக் கிடக்கிறது. மலைமேல் கோபுரம் நட்டு ரேடியோவுக்கு உயரம் கொடுக்கும் வசதி நமக்கு இல்லாததால், அடுத்த ஊர்க்காரர் "எனக்கு இவ்வளவு தூரம் எடுக்குது" என்று சொல்வதை அப்படியே நம்பி வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: போனின் எல்லை தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

போனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கரையோரத்தில் அதைவிட வேகமாக உதவி கொண்டுவரும் பொருள் வேறில்லை. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, பொது அவசர எண் 112 மூன்றையும் எண்ணாகச் சேமிப்பதோடு நில்லாமல், படகின் உட்பலகையில் பெயின்டால் எழுதிவிடுங்கள். நனைந்த விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. பதற்றத்தில் பெயர் தேடவும் முடியாது.

பலருக்கும் தெரியாத ஒன்று: டவர் இல்லாவிட்டாலும் போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யும். அது வானத்திலிருந்து வருவது. டவர் போன இடத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போனில் பார்த்து வேறு கருவி வழியாகச் சொல்ல முடியும்.

ஆனால் போன் கரையை நம்பி இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் சரிந்தன, டவர்கள் அணைந்தன. பல ஊர்களில் பல நாள் போன் வெறும் டார்ச்சாகத்தான் பயன்பட்டது. எந்த நாளில் உதவி அதிகம் தேவையோ அந்த நாளில் கைவிடக்கூடிய கருவி இது.

மூன்றாம் படி: கடல்வழி வி.எச்.எஃப்.

கடலில் எல்லோரும் கேட்கிற இடம் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். காரைக்காலில் உள்ள கடலோரக் காவல்படை நிலையம், ரோந்துக் கப்பல்கள், துறைமுகங்கள், வங்காள விரிகுடாவில் போய் வருகிற சரக்குக் கப்பல்கள், செட் வைத்திருக்கும் விசைப்படகுகள் எல்லாம் பொதுவாகக் கேட்பது இதைத்தான். வாங்கும் செட் கடல்வழி வி.எச்.எஃப். தானா, சேனல் 16 இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தச் செட் வேண்டாம்.

வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். கடல் வளைவுக்கு அப்பால் மறைந்தவருக்குக் கேட்காது. தூரத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை இரண்டே காலால் பெருக்குங்கள். கடல் மைல் கணக்கில் விடை வரும். எதிராளியின் ஆன்டெனாவுக்கும் அப்படியே கணக்கிட்டு இரண்டையும் கூட்டுங்கள்.

படகில் உட்கார்ந்து கைச்செட்டைப் பிடித்தால் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அதற்கு இரண்டே முக்கால் கடல் மைல். அதே போன்ற இன்னொரு படகோடு பேச ஐந்தரை மைல். தண்ணீரில் மிதந்துகொண்டு பிடித்தால் அரை மீட்டர்கூட இருக்காது. உங்கள் பங்கு ஒன்றரை மைலாகக் குறையும். நாலு மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா கட்டினால் உங்கள் பங்கு மட்டும் நாலரை மைல். எதிரே பெரிய கப்பலோ உயரமான கரைக் கோபுரமோ இருந்தால் தூரம் இன்னும் கூடும். இது மேல்வரம்பு, அலை உயரமாக இருக்கும் நாளில் இதுவும் கிடைக்காது.

இதிலிருந்து தெரிவது: வாட் கூடியதால் தூரம் அந்த அளவுக்குக் கூடிவிடாது. கைச்செட் பெரும்பாலும் 5 வாட், படகில் பொருத்தும் செட் 25 வாட். ஐந்து மடங்கு சக்தி பேச்சைத் தெளிவாக்கும், அடிவானத்தைத் தள்ளி வைக்காது. தள்ளி வைப்பது உயரம். கம்பத்துக்குச் செலவழியுங்கள்.

12 வோல்ட் பேட்டரி இல்லாத ஃபைபர் படகுக்கு முதலில் கைச்செட்டுதான். இதை வாங்கும்போது நான் பார்க்கிறவை இவை. நீர் புகாத தரம் ஐ.பி.எக்ஸ்.7 அல்லது அதற்கு மேல். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டும். மிதக்காத செட்டு கைதவறினால் ஆழத்துக்குப் போய்விடும், பிறகு அது எந்தத் தரமாக இருந்து என்ன? சார்ஜ் தீர்ந்தால் சாதாரண பென்டார்ச் செல் போட்டு ஓட்டும் தட்டு கிடைக்கும் மாடலா என்று கேளுங்கள். கடைத்தெருவில் எங்கும் கிடைக்கும் செல் ஒரு பெரிய தைரியம். வாங்கிய அன்றே ரப்பர் மூடிகளை அழுத்தி மூடி வாளித் தண்ணீரில் போட்டு, எடுத்து, பேசிப் பாருங்கள். கைவிட்டுப் போகிற செட்டு வாளியில் கைவிட்டால் பரவாயில்லை.

பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். நூறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் பேசுவது, ஐந்து நிமிடம் கேட்பது, மீதி சும்மா இருப்பது என்ற கணக்கில்தான் அதை அளக்கிறார்கள். ஆபத்தில் இருப்பவர் அப்படிப் பேச மாட்டார். பக்கத்துப் படகோடு பேச 1 வாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உதவி கேட்க மட்டும் 5 வாட்.

பணம் இடம் கொடுத்தால் டி.எஸ்.சி. வசதியும் உள்ளே ஜி.பி.எஸ்.ஸும் உள்ள செட்டாக வாங்குங்கள். சிவப்பு மூடிக்குள் இருக்கும் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் சேனல் 70 வழியாக உங்கள் படகின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் எண்ணாகப் போகும். பெரிய கப்பல்களின் மேல்தளத்தில் அலாரம் அடிக்கும். பேச முடியாத நிலையிலும், பேசத் தெரியாத மொழிக்காரரிடமும் இது சேரும். அந்த அடையாளம் எம்.எம்.எஸ்.ஐ. என்னும் ஒன்பது இலக்க எண். இந்தியப் படகுகளுக்கு 419 என்று தொடங்கும். எண்ணைப் பதியாத செட்டில் சிவப்புப் பட்டன் வேலை செய்யாது. பல படகுகளில் நான் இதைப் பார்த்துவிட்டேன்: விலை உயர்ந்த செட், எண் மட்டும் காலி.

கடல்வழி வி.எச்.எஃப். செட்டுக்கு இந்தியாவில் உரிமம் வேண்டும். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் உரிமம், எண், மானியம் மூன்றையும் ஒரே நடையில் கேட்டுவிடுங்கள். மானியப் பட்டியலில் உள்ள செட்டை விட்டுவிட்டு முழு விலை கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள். சேனல் 16-இல் பாடு (மீன் கிடைத்த) விவரமும் ஊர்ப் பேச்சும் பேசாதீர்கள். கூப்பிட்டவுடன் 72 அல்லது 77-க்கு மாறிக்கொள்ளுங்கள். நீங்கள் இறால் விலை பேசும் அந்த ஒரு நிமிடத்தில் யாரோ ஒருவர் கடைசிச் சார்ஜில் கூப்பிட்டுக்கொண்டு இருக்கலாம்.

நான்காம் படி: வானம் வழியாக

2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் தூரக் கடலில் இருந்த கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்களுக்குப் புயல் வருகிற சேதியே போய்ச் சேரவில்லை. செயற்கைக்கோள் கருவிகள் பற்றிய பேச்சு கரையெங்கும் பெரிதானது அதன் பிறகுதான். இன்று நமக்குக் கிடைக்கும் வழிகள் இவை.

இஸ்ரோ உருவாக்கிய டாட் என்னும் ஆபத்து எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் படகின் அடையாளமும் இடமும் போகும். அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு. கிழக்குக் கரைக்கு அது சென்னையில் இருக்கிறது. பழைய டாட்டில் அழுத்தியவருக்குப் பதில் வராது. "போச்சா, போகலையா" என்று தெரியாமல் கடலில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இருந்தவர்களைக் கேளுங்கள். இரண்டாம் தலைமுறை டாட்டில் அந்தக் குறை தீர்ந்தது. சேதி கிடைத்துவிட்டது என்ற பதில் படகுக்குத் திரும்ப வரும். போனோடு புளூடூத்தில் இணைத்துத் தமிழிலேயே படிக்கலாம். புயல் எச்சரிக்கையும் அதில் வரும். வாங்குவதாக இருந்தால் இரண்டாம் தலைமுறைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் நாடு முழுக்க 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இதைப் பொருத்தும் பணி 2024 ஆகஸ்ட் 30-இல் தொடங்கப்பட்டது. நப்மித்ரா என்ற செயலியோடு சேர்ந்து வேலை செய்யும். டவர் இல்லாத இடத்திலிருந்து கரைக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். நம் பகுதிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் படகு பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு, வரும் நாளில் படகைக் கரையில் நிறுத்தி வையுங்கள். "எங்கே போகிறேன் என்று அரசாங்கத்துக்கு எதற்குத் தெரிய வேண்டும்" என்று சிலர் கழற்றி வைப்பதாகக் கேள்விப்படுகிறேன். கவிழ்ந்த அன்று அரசாங்கத்துக்குத் தெரிந்தே ஆக வேண்டும், ஐயா. கழற்றாதீர்கள்.

ஜெமினி என்ற கருவியும் உண்டு. 2019-இல் வந்தது. புயல், அலை, மீன் கிடைக்கும் பகுதி பற்றிய சேதிகளை நடுக்கடலில் பெறலாம். ஆனால் அது ஒருவழிக் கருவி. உங்களிடமிருந்து ஒரு சொல்கூட அனுப்பாது. புறப்படலாமா திரும்பலாமா என்று முடிவெடுக்க நல்லது. உதவி கேட்கும் கருவிகளின் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

சொந்தப் பணத்தில் வாங்குவதானால் 406 மெகாஹெர்ட்ஸில் ஆபத்துக் குறி அனுப்பும் ஈபெர்ப் என்னும் கருவி. காஸ்பாஸ் சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பு அதன் குறியை எந்தக் கடலிலிருந்தும் எடுக்கும். இயங்கத் தொடங்கினால் குறைந்தது 48 மணி நேரம் விடாமல் அனுப்பும். ஜி.பி.எஸ். உள்ள மாடலாக வாங்குங்கள். சுமார் நூறு மீட்டர் அளவுக்கு இடம் சொல்லும். உடலில் கட்டிக்கொள்ளும் சிறு வடிவத்தின் பெயர் பி.எல்.பி.; அது 24 மணி நேரம் வரும், ஆன்டெனாவை வானம் பார்க்கப் பிடித்திருக்க வேண்டும். ஃபைபர் படகுக்கு எது நல்லது என்று கேட்டால் நான் பி.எல்.பி. பக்கம்தான் சாய்வேன். நம் படகில் ஈபெர்ப்பை மாட்டப் பாதுகாப்பான இடம் கிடையாது, பி.எல்.பி. ஆளோடு இருக்கும். எது வாங்கினாலும் இந்தியக் குறியீடு போட்டதாக இருக்க வேண்டும்; வெளிநாட்டுக் குறியீட்டோடு வந்தால் சேதி முதலில் அந்த நாட்டுக்குப் போகும். பெங்களூரு மையத்தில் படகின் பெயர், வீட்டு எண் எல்லாம் பதிவு செய்யாவிட்டால், குறி வந்தாலும் யாருடையது என்று விசாரிக்க வழி இருக்காது. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு அதைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

சாட்டிலைட் போன் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். ஊருக்கு வரும்போது துரையா போன் வாங்கி வரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துரையா, இரிடியம் போன்களை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம். இரிடியத்தில் ஓடும் கையடக்க எஸ்.ஓ.எஸ். கருவிகளாலும் விமான நிலையத்தில் ஆட்கள் பிடிபட்டிருக்கிறார்கள். எல்லைக் கடலில் அது படகில் கிடைத்தால் நீங்கள் மீனவர் என்று நிரூபிக்கவே நாளாகும். சட்டப்படி சாட்டிலைட் போன் வேண்டுமானால் பி.எஸ்.என்.எல். வழியாக இன்மார்சாட் எடுக்கலாம். சின்னப் படகுக்கு அந்தச் செலவு கட்டாது என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: கண்ணில் படுவது

கருவி உங்களை மைல் கணக்கில் கண்டுபிடித்துத் தரும். கடைசி ஒரு மைலில் தேடுகிறவரின் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். அலைக்கு நடுவே ஒரு தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது.

கையில் பிடிக்கும் சிவப்பு ஃப்ளேர் (ஆபத்தைக் காட்ட எரிக்கும் வெளிச்சக் குச்சி) ஒரு நிமிடம் எரியும். பாராசூட் ஃப்ளேர் 300 மீட்டர் உயரம் போய் 40 விநாடி மிதந்து எரியும். பகலுக்கு ஆரஞ்சுப் புகை. மூன்றிலும் காலாவதி தேதி உண்டு, பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. ஹெலிகாப்டரோ கப்பலோ கண்ணுக்குத் தெரிந்த பிறகே கொளுத்துங்கள். கைஃப்ளேரைக் காற்று படகைத் தாண்டிப் போகும் பக்கமாக, படகுக்கு வெளியே கையை நீட்டிப் பிடியுங்கள். சொட்டும் நெருப்பு பெட்ரோல் கேன் பக்கம் விழக்கூடாது.

செலவே இல்லாதது ஒன்று: கைக்கண்ணாடி. வெயில் நாளில் அதன் மின்னல் பல மைல் தூரம் போகும். இடது கை இரண்டு விரலை V போல் நீட்டி, கப்பலை அந்த இடுக்கில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வெளிச்சம் விரல்களில் விழும்படி ஆட்டினால் குறி தப்பாது. லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு விசில் கட்டுங்கள். தொண்டை அரை மணியில் கட்டிவிடும், விசில் கட்டாது.

இன்னொன்று, நான் பார்க்கும் எல்லாரிடமும் சொல்கிறேன்: படகின் அடிப்பாகத்தில், தண்ணீருக்குள் இருக்கும் பக்கத்தில், ஒரு பாய் அளவுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடியுங்கள். கவிழ்ந்தால் வானத்தைப் பார்த்துக் கிடப்பது அந்தப் பக்கம்தான்.

ஆறாம் படி: எங்கே வைப்பது

மச்சான் படகில் நல்ல செட் வாங்கிப் போட்ட பிறகும் நான் போய்ப் பார்த்தேன். அணியத்துப் (முன்பக்கத்து) பலகைக்கு அடியில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள், டப்பாவைச் சுற்றி பாலிதீன், அதைச் சுற்றி ட்யூப் ரப்பர். மேலே நங்கூரக் கயிறு. பத்திரமாக வைத்திருந்தான். "இப்ப படகு கவுந்துடுச்சு, எடு" என்றேன். தரையில் நின்ற படகிலேயே எடுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. கவிழ்ந்த படகில் அந்தப் பலகை தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

ஃபைபர் படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் மிதந்துகொண்டு கிடக்கும். ஆட்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம், பிடித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆனால் உள்ளே கட்டாத எதுவும் நிற்காது. அதனால் கருவிகளை இரண்டாகப் பிரியுங்கள். கைச்செட்டும் பி.எல்.பி.யும் கண்ணாடியும் ஆளின் உடம்பில்: லைஃப் ஜாக்கெட் பையில், ஒரு முழம் கயிற்றால் கட்டி. கயிறு நீளமானால் கழுத்தில் சுற்றும். குட்டையானால் வாய்க்கு எட்டாது. ஃப்ளேர், டார்ச், உபரி செல், குடிதண்ணீர் எல்லாம் மிதக்கும் ஆரஞ்சு நிற இறுக்கு டப்பாவில். அதைப் பலகைக்கு அடியில் திணிக்காமல் பின்பக்கம் திறந்த இடத்தில், ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சு போட்டு வையுங்கள். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துப் பழகுங்கள். நாலு பேரும் பழகுங்கள். போட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், தண்ணீரில் விழுந்தவர் அவராகவே இருந்தால் என்ன செய்வது?

ஏழாம் படி: இடத்தைச் சரியாகச் சொல்வது

நாகைக்கு நேர் கிழக்கே நிற்கும் ஒரு படகின் ஜி.பி.எஸ். 10 டிகிரி 46.5 நிமிடம் என்று காட்டுகிறது என்று வையுங்கள். அதே இடத்தைப் போன் வரைபடம் 10.775 என்று காட்டும். இரண்டும் சரிதான். பதற்றத்தில் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துவிட்டு "பத்து புள்ளி நாற்பத்தாறு" என்று சொன்னால், கேட்பவர் அதை 10.46 டிகிரி என்று எழுதிக்கொள்வார். அந்த ஒரு "புள்ளி"யால் சுமார் 19 கடல் மைல், 35 கிலோமீட்டர், தெற்கே வேதாரண்யம் பக்கம் போய்த் தேடுவார்கள். "பத்து டிகிரி, நாற்பத்தாறு புள்ளி ஐந்து நிமிடம், வடக்கு" என்று சொல்லுங்கள். டிகிரி, நிமிடம் என்ற சொற்களை விழுங்காதீர்கள். கூடவே "நாகைக்குக் கிழக்கே பதிநாலு மைல்" என்று கரை அடையாளமும் சேர்த்தால் தப்பு நேர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பக்கத்தில் வருவது வெளிநாட்டுக் கப்பலாக இருக்கலாம். அதற்காக ஒரு அட்டையில் தமிழ் எழுத்திலேயே எழுதி, லேமினேட் செய்து, செட்டோடு கட்டி வையுங்கள்:

மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் ஃபிஷிங் போட் (படகின் பெயர் மூன்று முறை). பொசிஷன் (எண்களை ஒவ்வொன்றாக) நார்த், (எண்கள்) ஈஸ்ட். வீ ஆர் சிங்க்கிங். ஃபோர் பெர்சன்ஸ். நீட் ஹெல்ப். ஓவர்.

சொல்லி முடித்ததும் பட்டனை விடுங்கள். விடாமல் பிடித்தால் பதில் காதில் விழாது. பதில் இல்லாவிட்டால் திரும்பச் சொல்லுங்கள்.

உயிருக்கு உடனே ஆபத்து இல்லை, என்ஜின் மட்டும் நின்றுவிட்டது என்றால் "மேடே"க்குப் பதில் "பான் பான்" என்று மூன்று முறை. வாடைக் காலத்தில் இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீவாடு தெற்கு நோக்கி ஓடும். நின்றுபோன படகு மணிக்கு மணி எல்லைக்கோட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். "நாமே சரி பண்ணிடலாம்" என்று நாலு மணி நேரம் பார்ப்பதற்குள் சிக்கல் இரண்டாகிவிடும். கூப்பிட்டுவிட்டு என்ஜினைப் பாருங்கள்.

எட்டாம் படி: உப்பும் தேதியும்

போன மாதம் ஒரு படகின் செட் "யாருக்கும் கேக்கலை" என்று வந்தது. செட்டில் குறையே இல்லை. ஆன்டெனா வயரின் முனை இணைப்பைத் திருகிக் கழற்றினேன். உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது; கத்தியால் சுரண்டியதும் பொடிப்பொடியாக மேசையில் கொட்டியது. வயரை ஒரு அடி உள்ளே வெட்டிப் பார்த்தால் அங்கும் கருப்பு. உப்பு நீர் வயருக்குள்ளேயே ஏறியிருந்தது. வெளியே பார்க்கப் புதிதாக இருந்த செட் அது.

இணைப்புகளைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு பருவம்கூடத் தாங்காது. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி உள்ள வயர் சற்று விலை அதிகம், கொடுங்கள். கைச்செட்டைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சார்ஜ் முனைகளில் வேசலின் ஒரு துளி தடவுங்கள்.

ஈபெர்ப், பி.எல்.பி. பேட்டரிகள் பொதுவாக ஐந்து ஆண்டு. அதன்மேல் தேதி எழுதியிருக்கும். சோதிக்க அதிலுள்ள சோதனைப் பட்டன் மட்டும். நிஜப் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். தவறி அழுந்திவிட்டால் பயந்து அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். உடனே 1554-இல் கூப்பிட்டுத் தவறுதலாக நடந்தது என்று சொல்லுங்கள், தேடப் புறப்பட்டவர்கள் திரும்புவார்கள். பழையதைக் காயலான் கடையில் போடும் முன் பேட்டரியைப் பிரித்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுக்கு அந்தத் தடை இல்லாவிட்டாலும், அந்த 61 நாளில் எங்களைப் போன்ற பழுது பார்க்கிறவர்கள் துறைமுகத்திலேயே கிடப்போம். ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க அதுதான் நேரம்.

எதை முதலில் வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க யாராலும் முடியாது. முதல் வாரம்: நாலு லைஃப் ஜாக்கெட்டுக்கு நாலு விசில், கண்ணாடி, நீர் புகாத போன் உறை, டார்ச், அட்டை, அடிப்பாகத்துக்கு ஆரஞ்சு பெயின்ட். இதற்கு ஒரு நாள் நல்ல பாடு தரும் காசில் பாதிகூட ஆகாது. அடுத்து மிதக்கும் வி.எச்.எஃப். கைச்செட், அதற்கான காகித வேலைகள். அதே சமயம் மீன்வளத் துறையில் டாட், டிரான்ஸ்பாண்டர் பட்டியலில் பெயர். பிறகு ஃப்ளேர். கையில் தொகை சேர்ந்தால் பி.எல்.பி. ஒன்று, அமரத்தில் (பின்பக்கம்) இருப்பவர் உடம்பில். பேட்டரி வைத்த படகானால் கடைசியாக 25 வாட் செட்டும் கம்பமும்.

கரையிலும் ஒரு பொருள் வேண்டும்: ஒரு காகிதம். படகின் பெயர், பதிவு எண், நிறம், எத்தனை பேர், யார் யார், எந்தக் கருவி, அதன் அடையாள எண், வழக்கமாகப் போகும் பக்கம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் கூப்பிட வேண்டும், 1554. மச்சான் வீட்டில் அது சமையல்கட்டு நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. "திரும்பும் நேரம்" என்ற இடத்தைத் தங்கச்சி காலியாக விட்டிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் அவன் படகைத் தள்ளப் போகும்போது கேட்டு, பென்சிலால் எழுதுகிறாள்.